குருமனைச் சாவி



மே மாதக் கடைசியில் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே பீரோவும் கட்டிலும் புத்தகப் பெட்டிகளுமாக ஒரு மினி லாரி மூச்சு வாங்கிக்கொண்டு போனால், அது ஒரு ஆயர் வீட்டுச் சாமானாக இருக்கக்கூடும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுச் சேகரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இடமாற்றக் கடிதம் வந்த நாள் முதல் ஐயாவுக்குப் பிரியாவிடை விருந்துகள், பொன்னாடைகள். டி.சி. வாங்குவதும் கேஸ் இணைப்பை மாற்றுவதும் ஆயரம்மாவின் தலையில்.

ஆயர் போவார், சபை இருக்கும் என்பதுதான் இதுவரை நாம் அறிந்த ஏற்பாடு. வால்பாறையில் அது தலைகீழாகிவிட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஊரில் ஏறக்குறைய 95 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011இல் 71 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. தேயிலைக் கூலி போதவில்லை, படித்த பிள்ளைகளுக்குக் கொழுந்து கிள்ள மனமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியும் கோவையும் கூப்பிட்டன, போய்விட்டார்கள். ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைக்குத் திருமண ஓலை வாசிக்க ஆயர் இருக்கிறார், பிள்ளை சமவெளியில் இருக்கிறது. அடக்க ஆராதனைக்கு மட்டும் குடும்பம் மொத்தமாக மலையேறி வருகிறது.

காலியான லைன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் ஆட்கள். இவர்களை நாம் பொத்தாம்பொதுவாக 'இந்திக்காரர்கள்' என்று சொல்லிவிடுகிறோம். ஜார்க்கண்டிலிருந்து வருகிற ஆதிவாசிக் குடும்பங்களில் பல, தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். கோஸ்னர் மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845இல். நம் ஊர்ப் பல சபைகளைவிட மூத்த சபையின் பிள்ளைகள் அவர்கள். ஞாயிறன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புரியாத தமிழ்ப் பிரசங்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாத்ரி மொழியில் பாடிக்கொள்கிறார்கள்.

2025இல் வால்பாறைத் தோட்டங்களில் சிறுத்தைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் பிழைக்க வந்தவை. அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தால் என்ன? அந்த வாசலில் போய் நிற்கிற ஒரு ஆயர் எந்த மொழியில் வாய் திறப்பார்? இறையியல் கல்லூரியில் எபிரேயமும் கிரேக்கமும் கற்றுத் தருகிறார்கள். வால்பாறைக்கு வருகிறவர் கொஞ்சம் இந்தியாவது கற்றுக்கொண்டு வந்தால் புண்ணியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாலை ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்புமுன், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று செல்போனுக்கு வரும் எச்சரிக்கைச் செய்தியைப் பார்ப்பதும் இங்கே ஊழியத்தில் சேர்த்திதான்.

இந்த மலையில் திருச்சபையின் பங்கு என்ன என்பது ஏற்கெனவே சர்ச்சையான விஷயம். டாக்டர் பி.எச். டேனியல் இந்த மலைத் தோட்டங்களைப் பற்றி 1969இல் எழுதிய 'ரெட் டீ' நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்து, அதைத் தழுவி 2013இல் 'பரதேசி' படமும் வந்தது. படத்தில் மதம் மாற்ற வந்தவராகக் காட்டப்பட்ட மருத்துவர், நாவலில் தொழிலாளிக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுகிறவர். சபைக்காரர்கள் படத்தின் மேல் கோபப்பட்டது நியாயம். நாவலின் மருத்துவரைப் போல நம்மில் எத்தனை பேர் நின்றோம் என்று கேட்டிருந்தால் அது இன்னும் நியாயம்.

இனி வீட்டு விஷயம். தோட்டத் தொழிலாளிக்கு நிர்வாகம் வீடு தர வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். நல்ல சட்டம். ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2024இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று பார்த்தோம்: மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள், விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டபின் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டார்கள். ஆயருக்கும் இதே கதை. வாழ்நாள் முழுக்கக் குருமனைகளில் குடியிருந்துவிட்டு, ஓய்வு பெறும் வாரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு, எந்த ஊரில் வாடகைக்குப் போவது என்று யோசிக்கிறார். சொந்தவீட்டுக்காரர்கள் நிறைந்த நகரத்துச் சபைக்கு இது உறைப்பதில்லை. வால்பாறைச் சபைக்கு உறைக்கும், அங்கே பெஞ்சில் இருப்பவருக்கும் அதே கவலை. இதற்கிடையே மேலிடத்தில், தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கும் திருத்தம் நீதிமன்றம் வரை போனது. மூன்று வருடத்துக்கு அத்தனை வழக்கா என்று கீழே கேட்கிறார்கள்.

நாற்காலியை விட்டு இறங்கத் தெரிந்தவர்களும் இதே திருச்சபையில் இருந்தார்கள். பாளையங்கோட்டைக்காரரான ஏ.ஜே. அப்பாசாமி 1950இல் கோவைத் திருமண்டலத்தின் பேராயரானார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் கண்டு எழுதியவர். 1959இல் பொறுப்பை விட்டபின் தம் கதையையும் எழுதிவைத்தார். பொருநைக் கரையிலிருந்து கங்காணிகளோடு வால்பாறைக்கு வந்த கூலிச் சனத்தின் பேரப்பிள்ளைகளுக்கு, அதே கரையிலிருந்து ஒரு மேய்ப்பர்!

ஆங்கிலேயரான லெஸ்லி நியூபிகின் கதை வேறு மாதிரி. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை - ராமநாதபுரத்தின் பேராயர். பின்னாளில் சென்னைப் பேராயர். 1974இல் ஓய்வு பெற்றதும், மனைவி ஹெலனோடு இரண்டு சூட்கேஸும் ஒரு முதுகுப்பையுமாகக் கிளம்பி, கிடைத்த பஸ்ஸிலும் வண்டியிலும் ஏறி, தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கொஞ்ச காலம் பர்மிங்காமில் பாடம் நடத்தினார். அங்கே வின்சன் கிரீன் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே, மூடும் நிலையில் ஒரு சின்னச் சபை இருந்தது. சொற்பம் பேர்தான் வருவார்கள். எழுபது வயதை ஒட்டி, அதன் போதகர் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். தெருவில் குடியேறியிருந்தவர்களில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. வீடு வீடாகப் போனார். வெள்ளைக்காரர்கள் கதவைச் சாத்தினாலும் ஆசியக் குடும்பங்கள் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். பேராயராக இருந்தவர் மறுபடி ஒரு தெருவின் போதகரானதில் அவருக்குக் குறைச்சல் ஒன்றும் தெரியவில்லை.

இந்த இதழுக்கு ஆயர்களிடமிருந்து கட்டுரைகள் கேட்டிருந்தோம், வந்தன. ஆயரம்மாக்களை நாங்கள் கேட்கவேயில்லை. ஊர் மாறும்போதெல்லாம் பார்த்த வேலையை விட்டவர்கள், ஒவ்வொரு குருமனையிலும் கறிவேப்பிலைக் கன்று வைத்து அது தழையுமுன் கிளம்பியவர்கள், ஓய்வுக்குப்பின் சொந்த அடுப்பை எந்த ஊரில் மூட்டினீர்கள்? அடுத்த இதழில் இரண்டு பக்கம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்