ஈரம் காக்கும் தாய்

வானிலை அறிக்கையில் "காற்றின் ஈரப்பதம்" என்று நான் வாசிக்கும் வரிக்கு யாரும் காது கொடுப்பதில்லை. மழை வருமா, துணி காயுமா என்பதுதான் நமக்குக் கவலை. ஆனால் நம் செம்பனைத் தோட்டங்களில் அந்த ஈரத்தை நம்பியே பிறக்கும் உயிர் ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் 'சாவா பாத்தேக்' என்று சொல்லும் மலைப்பாம்பு.

நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில்தான் நடந்தது. (பெயரென்னவோ தென்னமரம்!) செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். நிரைகளுக்கு நடுவே அடுக்கிய மட்டைக் குவியல் அதற்கு நல்ல மறைவிடம்.

மலைப்பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டை போலக் கெட்டியானதல்ல. தோல் மாதிரி இருக்கும். தண்ணீரை உள்ளே இழுக்கும், வெளியேயும் விடும். காய்ந்தால் முட்டை சுருங்கிக் குழி விழும். ஈரம் சொட்டினாலோ ஓட்டின் வழியே காற்று போகாது, உள்ளே குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். இந்த இரண்டுக்கும் நடுவே சமாளிப்பவள் தாய். ஆஸ்திரேலியாவின் சிறிய மலைப்பாம்பு இனமொன்றில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தாய் இறுக்கிச் சுற்றினால் முட்டையின் ஈரம் தங்குகிறது. சற்றே தளர்த்தினால் காற்று போகிறது, கூடவே ஈரமும் போய்விடுகிறது. அதனால் இறுக்குவாள், கொஞ்சம் தளர்த்துவாள், மறுபடி இறுக்குவாள். சாப்பாட்டையும் மறந்து!

பாம்பு வளர்ப்பவர்கள் இதைப் பெட்டிக்குள் செய்யப் படும் பாடு பெரிது. 31, 32 பாகை வெப்பம், 90 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம், ஏறக்குறைய மூன்று மாதக் காவல். முட்டை மேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது. பொரிக்கும் நாள் நெருங்கும்போது முட்டை தானாகவே குழி விழும். அதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

2016 ஏப்ரலில் பினாங்கு பாயா தெருபோங்கில் பிடிபட்ட, ஏறத்தாழ 8 மீட்டர் மலைப்பாம்பு, சில நாட்களிலேயே முட்டையிட்டு இறந்துபோனது நினைவிருக்கலாம்.

தோட்டத்தில் சுருண்டு கிடக்கும் பாம்பைக் கண்டால் தள்ளி நின்று 999-ஐ அழையுங்கள். முட்டை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். 2010 வனவிலங்குச் சட்டத்தில் இது பாதுகாக்கப்பட்ட இனம். முட்டையை வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிற வேலை வேண்டாம். புரட்டவும் கூடாது. கரு மேல்பக்கம் ஒட்டியிருக்கும், புரண்டால் செத்துவிடலாம். வளர்ப்பவர்களே முட்டையை எடுக்கும் முன் மேல்பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டுவிட்டுத்தான் தொடுகிறார்கள்.