மூளையில் பதிவது கேஸ் ஷீட்டில் ஏன் பதிவதில்லை?

"மூளையில கெமிக்கல் குறைஞ்சிருக்கு, இந்த மாத்திரையைப் போடுங்க." மனநலப் பிரிவு ஓ.பி.யில் நம் மக்களுக்குக் கிடைக்கும் மூளை அறிவியல் பெரும்பாலும் இவ்வளவுதான். துணைக்குப் போகும் நாங்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

மூளையில் செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஜோவன்னா மோன்கிரீஃப் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. அது பழைய கதை, அப்படி இப்போது யாரும் நம்புவதில்லை என்று மனநல மருத்துவர்கள் பலர் பதில் சொன்னார்கள். சரி, கைவிட்ட கதை ஏன் இன்னும் ஓ.பி.யில் உலவுகிறது? (தோழர்களே, இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். பலருக்கு அது உதவுகிறது. காரணம் பற்றிய கேள்வி வேறு, மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வி வேறு.)

ஓ.பி.க்கு வந்து சேராத ஆய்வுகளும் உண்டு. 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழு, ஸ்கேனரில் படுத்திருந்தவர்களைத் திரையில் பந்து விளையாட வைத்தது. கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குப் பந்து வருவது நின்றது. மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே வீசிக்கொண்டார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் மூளையில், உடல் வலி தரும் துன்பத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. அந்தப் பகுதி வலிக்கு மட்டும் உரியதல்ல என்ற மறுப்பும் உண்டு. இருக்கட்டும். முகம் தெரியாதவர்கள் சில நிமிடம் பந்து தராததற்கே இப்படியென்றால், பள்ளியில் தனி வரிசை, டீக்கடையில் தனி டம்ளர், விடுதியில் 'கோட்டா' என்ற பட்டப்பெயர் என்று வளர்ந்தவருக்கு?

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'தலித் மூளை பாதிக்கப்பட்ட மூளை' என்று நாளை ஒருவர் ஸ்கேன் படத்தோடு வந்து நிற்பார். அதை நாம் அனுமதிக்க முடியாது. ஒதுக்கப்பட்டால் துடிப்பது எல்லா மூளைக்கும் பொது. கோளாறு பந்து தராத கையில் இருக்கிறது.

எங்களிடம் வந்த ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் எட்டு மாதமாகத் தூக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி தினமும் சாதிப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்பது அவருடைய சீட்டில் எங்கும் இல்லை. யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஸ்கேனர் வேண்டியதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டிலேயே நோயாளியின் பின்னணியை விசாரிக்க 16 கேள்விகள் உள்ளன. நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதிப் பாகுபாடற்ற சிகிச்சையை உரிமை என்கிறது. நோயாளிக்கு நடந்ததைக் கேட்காமல் மாத்திரை மட்டும் எழுதுவது அந்த உரிமையில் எப்படிச் சேரும்?

களப்பயிற்சிக்குப் போகும் சமூகப்பணி, உளவியல் மாணவர்கள் இதை உடனே தொடங்கலாம். "என்ன பண்ணுது?" என்பதோடு "என்ன நடந்தது, யார் செய்தார்கள்?" என்றும் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, கேஸ் ஷீட்டில் சேர்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பின்னால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட நேர்ந்தால் அந்த ஒரு வரி கைகொடுக்கலாம்.