ரப்பருக்கு எண்ணெய் ஆகாது

தாமானுக்குள் வீட்டுக்கு வீடு கட்டி வைத்திருக்கும் வேகத்தடைகளைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்று சில வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரி, எழுதவில்லை. ஆனால் அந்தத் தடைகளின் மேல் ஏறி இறங்கும்போது ஒரு புத்தம் புதிய வண்டி பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி கிறீச்சிட்டால் அதைப் பற்றி எழுதலாம் இல்லையா?

வண்டி என் மருமகனுடையது. பழைய வாசகர்களுக்கு அவரைத் தெரியும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பினாங்கு போய்வரத் தோதாக ஒன்று வாங்குங்கள் என்று இதே பக்கத்தில் நான் எழுதியும் கேட்காதவர். டர்போ போட்ட, 19 இன்ச் சக்கரம் மாட்டிய, உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய சிவப்பு ஹாட்ஹேட்ச் ஒன்றை வாங்கினார். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொல்லை எந்த ஒரு கம்பெனிக்கும் தனிச்சொத்து இல்லை.

சத்தம் முன்பக்கம் வந்தது. காலையில், மெதுவாகப் போகும்போது, தடையில் ஏறினால் மட்டும். நெடுஞ்சாலையில் கிடையாது. மழை பெய்தால் கிடையாது. வெயில் அடித்துக் காய்ந்ததும் மறுபடியும் ஆரம்பிக்கும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், அவர்கள் வண்டியை முதலில் கழுவுகிறார்கள். அடியிலும் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தமாகக் கழுவுகிறார்கள். அப்புறம் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று தாளில் எழுதிக் கொடுக்கிறார். ஈரமான ரப்பர் எப்படிக் கத்தும்?

விடாமல் போய் நின்றதும், கவுண்டரில் இருந்த தம்பி புன்னகையோடு சொன்னாராம்: "சார், இது பெர்ஃபார்மன்ஸ் கார். இப்படித்தான் இருக்கும். நார்மல்."

என்னை இந்த வாரம் முழுக்கக் குடைந்தது இந்தப் பதில்தான். இதில் பாதி உண்மை இருக்கிறது என்பது இன்னும் எரிச்சல்.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆம் வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு புஷ் இருக்கும். ஓர் இரும்புக் குழாய், அதற்குள் இன்னொரு சின்னக் குழாய், நடுவே ரப்பர். ரப்பர் இரண்டு இரும்போடும் சேர்ந்து வெந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் மேலே போனால் ரப்பர் தனக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும்; கீழே வந்தால் அவிழும். எதுவும் எதன்மீதும் உரசாது. அதனால் கிரீஸும் வேண்டாம். ரப்பர் வருவதற்கு முன்னால் இந்த இடங்களில் உலோகத்தோடு உலோகம் உரசிக்கொண்டிருந்தது; கிரீஸ் துப்பாக்கியோடு அடிக்கடி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். ரப்பர் காருக்குள் நுழைந்ததே சத்தத்தையும் அதிர்வையும் அடக்கத்தான். 1931-ல் பிளைமவுத் கார் தன் இன்ஜினை ரப்பர் மேல் உட்காரவைத்து, அதற்கு 'ஃபுளோட்டிங் பவர்' என்று பெயரிட்டு விளம்பரம் செய்தது. அந்த உரிமையை வாங்கிய சித்ரோவன், தண்ணீரில் மிதக்கும் அன்னத்தைத் தன் சின்னத்தோடு சேர்த்துக்கொண்டது.

வேகமான வண்டிக்கு வரும்போது கதை மாறுகிறது. ரப்பர் மெத்தென்று இருந்தால் வளைவில் சக்கரம் கொஞ்சம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். ஓட்டுகிறவர் கையில் அது தெரியும். ஆகவே கெட்டி ரப்பர் போடுகிறார்கள். போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் மாதிரி பந்தயத் தடத்துக்கென்றே பிறந்த வண்டிகளில் ரப்பரையே எடுத்துவிட்டு உலோக பால்ஜாயின்ட் வைக்கிறார்கள். சாலையின் ஒவ்வொரு கல்லும் காதுக்கு வந்து சேரும். அந்த அளவுக்குத் தம்பி சொன்னது சரி. டம் டம்மென்று இடிப்பது நார்மல். கிறீச் என்பது நார்மல் இல்லை. கிறீச் என்றால் உரசக்கூடாத ஏதோ உரசுகிறது, அல்லது வழுக்க வேண்டிய ஏதோ காய்ந்திருக்கிறது.

இதைச் சொன்னவர் கிள்ளானில் இருக்கும் நம் போமன். என் பழைய புரோட்டோனைப் பற்றி எழுதும்போதெல்லாம் இவர் வருவார், ஞாபகம் இருக்கும். அவர் கம்ப்யூட்டர் எதையும் செருகவில்லை. பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றை எடுத்தார். மருமகனை வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்து அமுக்கி அமுக்கி விடச் சொல்லிவிட்டு, ஒரு புஷ்ஷுக்குத் தண்ணீர் அடித்தார். சத்தம் நிற்கவில்லை. அடுத்ததற்கு அடித்தார். அங்கே நின்றது. ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ். சில வண்டிகளில் இது கம்பியோடு ஒட்டியே வரும். சிலவற்றில் கம்பி இதற்குள் லேசாக நழுவும். நழுவுகிற இடத்தில் செம்மண் தூசி ஏறினால் முடிந்தது.

லோவர் ஆம் பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி நாலு காலில் நிற்க வேண்டும் என்று ஒரு பாடம் எடுத்தார். தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் புஷ் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சும்மா நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட அதற்கு ஓய்வு கிடையாது. சீக்கிரம் கிழியும். அவசரக்காரர்கள் வேலை பார்த்த வண்டிகளில் இது சகஜமாம்.

புஷ்ஷைக் கழற்றி என் கையில் கொடுத்தார். புது வண்டியின் புஷ் போல இல்லை. ஒரு பக்கம் உப்பிப்போய், தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. மருமகன் அப்போதுதான் வாயைத் திறந்தார். சர்வீஸ் சென்டரில் ஒருமுறை யாரோ ஒரு பையன் ஸ்பிரே டின்னை எடுத்து அடியில் அடித்துவிட்டானாம். அன்றைக்கே சத்தம் போய்விட்டதாம். வந்த கோபத்தில் பாவம் மருமகன்தான் மாட்டினார். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற எண்ணெயை ரப்பருக்கு அடித்தால் சத்தம் நிற்கும்தான். ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதும், பலமிழக்கும். சிலிக்கோன் கிரீஸ் என்று ஒன்று கடையில் விற்கிறதே.

அந்த உப்பிய புஷ்ஷை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து போர்ட்டிகோ மேசையில் வைத்தேன். இந்த வாரப் பத்தியைக் காரோடு முடித்திருப்பேன், அதை அத்தை எடுக்காமல் இருந்திருந்தால்.

அத்தை, என் அப்பாவின் தங்கை, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பால் மரத்தோடு கழித்தவர். செய்தித்தாளைப் பிரித்தார். புஷ்ஷை மோந்து பார்த்தார். கட்டை விரலால் அழுத்தினார்.

"மண்ணெண்ண பட்ட ரப்பரு. ஊதிப் போச்சு. இது யாரு செஞ்ச வேலை?"

"பாட்டி, இது கார் சாமான்," என்றார் மருமகன்.

"காருல இருந்தா என்ன, ரப்பர்தானே?"

சர்வீஸ் சென்டர் தம்பிக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும். கருப்பாக இருப்பதால் இதை ஏதோ தொழிற்சாலைச் சரக்கு என்று நினைக்கிறோம். கருப்பு, வலுவுக்காகச் சேர்க்கும் கரித்தூளின் நிறம். கந்தகமும் வேறு சிலவும் சேர்த்து வேகவைப்பார்கள். அந்த வித்தையை 1839-ல் குட்இயர் கண்டுபிடித்தார். அடியில் இருப்பது பெரும்பாலும் மரத்துப் பால்தான். செயற்கை ரப்பர் எத்தனையோ வகை வந்துவிட்டது. ஆனாலும் இன்ஜின் மவுன்டிங், சஸ்பென்ஷன் புஷ் என்று நாள் முழுக்க இழுபட்டு முறுக்குண்டு கிடக்கும் இடங்களில் இயற்கை ரப்பரை எளிதில் அசைக்க முடியவில்லை. காரணம் அழகானது. அதை இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. ஓரிடத்தில் கீறல் விழுந்தால், அதிகம் இழுபடுவது கீறலின் நுனி. அந்த நுனியே கெட்டியாகிக் கிழிசலை மேலே போகவிடாமல் மறிக்கிறது. விட்டால் பழையபடி தளர்ந்துவிடும். 1966-ல் லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்தின் மேல் கட்டிய ஆல்பனி கோர்ட் குடியிருப்பை இயற்கை ரப்பர் மெத்தைகள் மேல்தான் உட்காரவைத்தார்கள். கீழே ரயில் போவது மேலே தூங்குகிறவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று. மருமகனின் புஷ்ஷுக்கும் அதே உத்தியோகம்தான்.

ரப்பர் என்று வந்தால் விக்ஹாமை நான் திட்டாமல் விடுவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். 1876-ல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதற்காக 1920-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர் பூங்காவின் ரிட்லியை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். சட்டைப் பையில் விதையைப் போட்டுக்கொண்டு, காப்பித் தோட்டத் துரைமார்களிடம் நடுங்கள் நடுங்கள் என்று நச்சரித்தவர். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார். மரம் சாகாமல் அதே பட்டையில் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை வகுத்ததும் அவர்தான். இருவர் பெயரும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் முறையை வகுப்பது ஒன்று, விடியாத இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்து அதைச் செய்வது இன்னொன்று. அந்தக் கைகளுக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. தமிழ்ப் புத்தகங்களும் பெரும்பாலும் கண்ணீரைத்தான் எழுதின, கைத்திறனை எழுதவில்லை. என் கோபம் அதுதான்.

கைத்திறன் என்று சும்மா சொல்லவில்லை. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உயிருள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. பால் குழாய்கள் அதை ஒட்டித்தான் அதிகம். உளி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும்போதே நிற்க வேண்டும். கூடுதலாகப் போனால் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை அந்த இடத்தில் வெட்டவே முடியாது. குறைவாகப் போனால் பால் வராது. கோடு இடமிருந்து வலமாகச் சரிய வேண்டும், ஏனென்றால் பால் குழாய்கள் மரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஏறுகின்றன. குறுக்கே வெட்டினால் அதிகக் குழாய் அறுபடும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும் என்பதால்தான் அந்த விடியாத வேளை. மூடி மழை வந்தால் மங்கு நிறையத் தண்ணீர். அன்றைய பால் போச்சு, சம்பளமும் போச்சு.

"எத்தனை கனத்துல சீவுவீங்க?" என்று கேட்டேன். அத்தை புஷ்ஷைச் சுற்றிவந்த செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து, மடித்து, இவ்வளவுதான் என்று காட்டினார். அப்புறம் மருமகனைப் பார்த்து, "தினம் தினம் அதே கனம். ஒங்க மெஷினு செய்யுமா?" என்றார். மரம் சீவ ஆளுக்குப் பதில் இயந்திரம் கொண்டுவரும் முயற்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

1925-ல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற மர வகை அத்தைக்கு நம்பரோடு தெரியும். அறுநூறு என்பார். அந்த அறுநூறைத் தாய்லாந்துக்காரர்கள் வாங்கி நாடு முழுக்க நட்டு, இன்று உலகத்திலேயே அதிக ரப்பர் அவர்களிடம்தான். நம் கையுறைத் தொழிற்சாலைகளுக்கே அங்கிருந்து பால் வருகிறது. ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தமாக சுங்கை பூலோவில் இருந்த தோட்ட நிலத்தில் இப்போது குவாசா டாமன்சாரா எழும்பிக்கொண்டிருக்கிறது. 2016-லேயே எம்ஆர்டி வந்துவிட்டது. அத்தை இருந்த தோட்டம் செம்பனைக்கு மாறி நாளாகிறது. கோலகங்சாரில் 1877-ல் நட்ட ஒன்பது மரங்களில் ஒன்று மட்டும் நிற்கிறது, வேலி போட்டு. ஒருமுறை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தோம். அத்தை மட்டும் வேலிக்கு வெளியே நின்றபடி பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை எந்தப் பக்கம் தொடங்குவது என்று கணக்குப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

ஷோரூமில் கொடுத்த வண்ணப் புத்தகத்தை மருமகன் இன்னும் வைத்திருக்கிறார். இருக்கைத் துணி என்ன, கைப்பிடியில் என்ன தையல், எத்தனை ஸ்பீக்கர், எல்லாம் இருக்கிறது. புஷ்ஷைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கழற்றிய புஷ்ஷுக்குப் பதில் புதுசு கேட்டால், அது தனியாக வராது, கம்பியோடு முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று பாகங்கள் விற்கிறவர் சொல்லிவிட்டார். வாரன்டிக்காரர்கள் ரப்பர் தேய்மானச் சாமான், எங்கள் பொறுப்பில் வராது என்கிறார்கள். எண்ணெய் அடித்தது யார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, கடிதம் எழுதியிருக்கிறோம்.

செட்டின் விலையை அத்தையிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தோம். மருமகன் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்துவிட்டது. ரிங்கிட்டா, உள்ளூர்க் காசா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். இதில் ரப்பர் எத்தனை கிராம் இருக்கும் என்றார். ஒரு கைப்பிடி இருக்கலாம் என்றேன். அவர் காலத்தில் ஒரு கிலோ ஒட்டுப்பாலுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை வைத்து மனசுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்துவிட்டு, தோட்டத்துக் கிராணிமார்களுக்கென்றே வைத்திருந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். ஆசிரியர் அதை அச்சிட மறுத்துவிட்டார்.