நாலு மணிப் பசி

"உடல் பொய் சொல்லாது, நாலு மணிக்கு வயிறு கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான்" என்கிறார்கள். பொய் சொல்லாது, சரி. ஆனால் பழக்கியதைத் திருப்பிச் சொல்லும். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் குழுவினரோடு கண்டறிந்த 'கிரெலின்' என்ற பசி ஹார்மோன், வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறுகிறது. சாப்பிடாவிட்டாலும் பிறகு இறங்குகிறது. தினமும் நாலு மணிக்கு பஜ்ஜி தின்றவருக்கு அந்நேரம் பசிக்காமல் என்ன செய்யும்?

உண்மைப் பசி பண்டத்தின் பேர் சொல்லி அடம்பிடிக்காது. காலையில் மிஞ்சிய இட்லியை நீட்டிப் பாருங்கள், வாங்கிக்கொண்டால் பசி, "பஜ்ஜி இல்லையா?" என்றால் நாக்கு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். நடுக்கமும் வியர்வையும் வந்தால் அவர்களுக்கு உடனே இனிப்பு தேவை. மற்றவர்கள் பஜ்ஜி தின்னலாம், தடையில்லை. பழியை மட்டும் வயிற்றின்மேல் போடாதீர்கள்.