செங்கடற் கப்பலும் தேயிலைக் கூடையும்

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த போது, பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து வினா ஒன்றை விடுத்தான். அது 2024ஆம் ஆண்டின் முற்பகுதி. செங்கடலிற் காவல் புரிய இலங்கை கடற்படைக் கப்பல் ஒன்றை அனுப்பும் என்று அப்போதைய சனாதிபதி இரணில் விக்கிரமசிங்க அறிவித்த செய்தி எல்லார் வாயிலும் அடிபட்டுக் கொண்டிருந்த காலம். செய்யப்புகும் செயலின் வலி, தன் வலி, பகைவன் வலி, இருதிறத்தார்க்கும் துணையாவார் வலி ஆகிய நான்கையும் தூக்கிப் பார்த்தே அரசன் ஒரு செயலில் இறங்கவேண்டும் என்று யான் விரித்துரைத்து நிறுத்திய இடம் அது. நம் அரசாங்கம் அந்த நான்கையும் தூக்கிப் பார்த்ததா என்பது அவன் வினா. யான் வாய் திறக்குமுன் அவனே மறுமொழியும் கூறிவிட்டான். “கப்பல் போனாத்தானே சேர், நம்ம தேயிலை போகும்?” என்றான்.

அவன் தாயார் அட்டனுக்கு அணித்தாயுள்ள தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். ஆதலின் அவ்வினாவை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ள எனக்கு இயலவில்லை. அன்று அவனுக்குச் செவ்வையான விடை கூறினேன் அல்லேன். அதன்பின் எண்ணிப் பார்த்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் அவன் கட்சியை நேர்மையாக எடுத்துரைப்போம். 2023ஆம் ஆண்டு நவம்பர் முதல் யேமன் நாட்டு ஹூதிப் படையினர் செங்கடல் வழிச் செல்லும் வணிகக் கப்பல்களைத் தாக்கி வந்தனர். காசாப் போரின் பொருட்டு இசிரேலை நெருக்குவதே தம் நோக்கம் என்றனர். திசம்பரில் அமெரிக்கா பல நாடுகளைக் கூட்டிக் கடற்காவற் படையொன்றை அமைத்தது. பெருங்கப்பற் கம்பனிகள் பல சூயெசுக் கால்வாயைக் கைவிட்டு, ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லலாயின. வழி நீண்டால் கூலி ஏறும். கூலி ஏறினால் பண்டத்தின் விலை ஏறும். துருக்கிக்கும் லிபியாவுக்கும் உருசியாவுக்கும் செல்லும் நம் தேயிலை அவ்வழியை நம்பியிருப்பது. கொழும்புத் துறைமுகமும் அவ்வழியாற் பிழைப்பது. சனாதிபதி அன்று கூறிய நியாயமும் ஏறத்தாழ இதுவே. கடல்வழி அடைபட்டால் அதன் கேடு நம் வாயிற்படிக்கும் வரும் என்பதை மறுப்பார் இலர்.

எனினும் அதே மூச்சில் அவர் செலவுக் கணக்கையும் சொன்னார். கப்பலை இரண்டு கிழமை அங்கே நிறுத்த 25 கோடி ரூபா ஆகும் என்றார். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று 2022 ஏப்பிரலிற் கைவிரித்த நாடு இது. பெறுமதி சேர் வரியை நூற்றுக்கு 15இலிருந்து 18 ஆக உயர்த்தியது, கப்பற் செய்தி வெளிவந்த அதே 2024 சனவரி முதலாந் திகதியில். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதுவும் குறித்த நிறைக் கொழுந்து கொடுத்தவர்க்கே; குறைந்தால் அரைப்பேர். மலையகத்திற் சம்பளத்தைப் ‘பேர்’ என்று கூறும் வழக்கை அறியாத வெளியூர் வாசகர்க்காகச் சொல்கிறேன்: ஒருநாள் வேலைக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். 25 கோடி ரூபாவை அக்கணக்கில் வகுத்தால் இரண்டரை இலட்சம் பேர். இரண்டரை இலட்சம் பெண்கள் ஒருநாள் முழுதும் அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று கூடை நிரப்பியதற்கு ஈடான பொருள், பதினான்கு நாட் காவலிற் கரையும் என்று பொருள்.

அப்பொருளால் வழி திறக்குமாயின் கொடுக்கலாமே எனலாம். திறக்குமா? அமெரிக்காவும் பிரித்தானியாவும் தம் பெரும்போர்க் கப்பல்களை நிறுத்தியும், குண்டு வீசியும் வணிகக் கப்பல்கள் மீளவில்லை. நம் கடற்படையின் பெருங்கலங்களுள் ஒன்றான ‘கஜபாகு’ அமெரிக்கக் கரையோரக் காவற்படையிற் பல்லாண்டு உழைத்து, 2018இல் நம்மிடம் கையளிக்கப்பட்டது. கள்ளக்கடத்தற்காரரைப் பிடிக்கவும் மீனவரை மீட்கவும் இத்தகைய கலங்கள் போதும். ஏவுகணைக்கு எதிர்நிற்கப் போதா. செயலின் வலி, தன் வலி என்னும் இரண்டிலேயே நம் தராசு தாழ்ந்துவிட்டது.

துணைவலியைத் தூக்கிப் பார்த்தாலோ நகைப்பே வருகின்றது. ஹூதியருக்குப் பின்னிற்கும் நாடு ஈரான் என்பது உலகறிந்த செய்தி. அந்த ஈரானிடம் நாம் எண்ணெய் வாங்கிக் கொடாதிருந்த கடன் 25 கோடி அமெரிக்க டொலருக்குச் சற்று மேல். அக்கடனைத் தேயிலையாகத் தீர்ப்பது என்று 2021 திசம்பரில் உடன்படிக்கை செய்துகொண்டோம். கப்பல் அறிவிப்பு வந்து நான்கு மாதம் நிரம்பவில்லை. 2024 ஏப்பிரல் 24ஆந் திகதி ஈரானிய சனாதிபதி இப்ராகிம் ரைசி நம் மலைநாட்டுக்கே வந்து, ஊவாவில் உமா ஓயாத் திட்டத்தைத் திறந்து வைத்தார். மாலையிட்டு வரவேற்றோம். ஒருபுறம் ஈரான் துணைநின்ற படைக்கு எதிரே கப்பல். மறுபுறம் ஈரானுக்குத் தேயிலை. இரண்டுக்கும் பொருள் வந்தது ஒரே கூடையிலிருந்து. இதை அரசியல் நயம் என்பாரும் உளர். எனக்கு அவ்வளவு நயம் புலப்படவில்லை.

பிறர் போருக்கு இம்மலைகள் பொருள் கொடுத்தது இதுவே முதன்முறை அன்று. 1914 ஒக்டோபரில் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படைப்பிரிவொன்று கொழும்பிற் கப்பலேறி எகிப்துக்குச் சென்றது. அடுத்த ஆண்டு கலிப்போலியில் அவருட் சிலர் மாண்டனர். அவர்கள் தம் அரசனுக்காகத் தாமே விரும்பிச் சென்றவர். அதுபற்றி நமக்கு வழக்கில்லை.

1939இல் மூண்ட போரின் கதை வேறு. பிரித்தானிய விமானப்படையில் 102ஆம் அணிக்குச் ‘சிலோன்’ என்னும் பெயர் சூட்டப்பட்டிருந்தது. இத்தீவின் பெயராற் கொடுக்கப்பட்ட பொருளுதவியைப் பாராட்டி இட்ட பெயர் அது. இங்கிலாந்தின் யோக்சயரிலிருந்து எழுந்து, இரவிரவாக ஜேர்மன் நகரங்களின் மேற் குண்டு பொழிந்துவந்த அணி. பிறநாட்டுப் போருக்குப் பொருளும் படைக்கலமும் உதவுதல் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுமா?

அதனினும் பெரிய கொடை பெயரில்லாமற் போயிற்று. பிரித்தானியாவில் 1940 சூலையில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்குக் கிழமைக்கு இரண்டு அவுன்சு. அந்த இரண்டு அவுன்சும் தவறலாகாது என்பதை அவ்வரசாங்கம் போர்த்தொழிலின் ஒரு கூறாகவே எண்ணியது. இலண்டன் தேயிலை ஏலம் 1939இல் நின்று 1951இலேதான் மீண்டது. இடையில் உணவு அமைச்சே மொத்தமாகத் தேயிலையைக் கொள்முதல் செய்தது. 1942இல் மலாயாவும் சாவகமும் யப்பானியர் கைப்பட்ட பின்னர் இலங்கையின் தேயிலைக்கும் இறப்பருக்கும் ஏற்பட்ட தேவை சொல்லுந் தரமன்று. ஆனால் அவ்வாண்டே பர்மாவும் வீழ்ந்தது. பர்மா அரிசியை உண்டு பறித்த கைகளுக்கு அரிசி இல்லை. என் பாட்டியார் அக்காலத்தில் இருபது வயதைக் கடந்த பெண். பிரட்டுக்குப் போகுமுன் உண்டது மரவள்ளியும் மாவும் என்று கூறுவார். தாம் பறித்த கொழுந்து எங்கே போயிற்று என்பது அவருக்குத் தெரியாது. ‘சண்டைக்குப் போச்சு’ என்பது மட்டும் தெரியும்.

அவரை எவரேனும் கேட்டனரா? 1940 சனவரியில், ஹேவாஹெட்டைப் பக்கத்து மூலோயாத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர் கேட்டது கூலி உயர்வு. காவற்படையினரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தார். பிலிப் குணவர்தனா, என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய சமசமாசத் தலைவர்கள் அப்போரை ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்தனர். 1940 சூனிற் சிறைப்பட்டனர். கொழும்பில் யப்பானியக் குண்டு விழுந்த இரண்டாம் நாள், 1942 ஏப்பிரல் 7ஆந் திகதி, கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். அது நெடுங்கதை, இன்னொருகாற் பார்ப்போம்.

இவ்விடத்து என் கருத்தை ஒளியாது கூறவேண்டும். சமசமாசத்தார் கூறியதை யான் முற்றும் உடன்படேன். இட்லர் வென்றிருப்பின் உலகம் என்னாகியிருக்கும் என்பதை இன்று சிறுவரும் அறிவர். அவனை ஒழிக்கச் சென்ற பொருள் வீண்பொருள் அன்று. அதில் என் பாட்டியாரின் கூடையும் ஒன்று என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. பிறர் போரிற் பொருள் கொடுத்தல் எக்காலத்தும் தீது என்பார் கட்சியில் யான் சேரேன். ஆனால் கொடை என்பது கொடுப்பவன் அறிந்து கொடுப்பது. அறியாதவனிடமிருந்து எடுத்துச் சென்றதற்குக் கொடை என்று பெயரிடலாமா? போர் முடிந்து 1947இல் நடந்த தேர்தலில் இம்மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறுவருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவருட் பெரும்பாலார் குடியுரிமையைப் பறித்தது. 1949இல் வாக்கும் போயிற்று. ஒரு பேரரசின் போருக்குப் பொருள் ஈட்டித் தந்தவர், அப்போர் முடிந்து நான்கே ஆண்டில் எந்நாட்டுக்கும் உரியர் அல்லர் ஆயினர்.

சுதந்திர இலங்கையும் இவ்வினாவை அடுத்தடுத்துச் சந்தித்தது. 1952இல் கொரியாவிற் போரிட்டுக் கொண்டிருந்த சீனத்துக்கு ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து, 270,000 தொன் அரிசி பெற உடன்பட்டோம்; அமெரிக்கா சினந்து உதவியை மறுத்தது. இறப்பர் போர்ப்பண்டமே. நம் கை முற்றும் தூயது என்று கூறத் துணியேன். ஆயினும் பட்டினியைத் தீர்க்க விற்றோம், போரை வளர்க்கக் கொடுத்தோம் அல்லேம். 1954இல் இந்தோசீனத்துக்குப் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிய அமெரிக்க விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்க இசைந்தோம். நேரு தம் வான்வழியை மறுத்திருந்தார். 1971இல் பாக்கித்தானிய விமானங்கள் கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிழக்கு வங்கத்துக்குப் பறந்தன. அங்கே நடந்ததை வரலாறு கூறும்.

பிறர் தந்த படைக்கலத்தின் சுவையை நாமும் அறிவோம். 1983க்குப் பின் தமிழ் இளைஞர்க்கு இந்தியா ஆயுதப் பயிற்சி அளித்தது. அரசாங்கத்துக்கு இசிரேலும் பாக்கித்தானும் சீனமும் படைக்கலம் விற்றன. தந்தவர் ஒவ்வொருவருக்கும் தத்தம் காரணம் இருந்தது. அக்காரணங்களுள் நம் பிள்ளைகளின் உயிர் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று 2009இல் முள்ளிவாய்க்காலைக் கண்டவர் கூறட்டும். யேமன் நாட்டுத் தாயொருத்தியும், காசா நாட்டுத் தாயொருத்தியும் அதே கேள்வியைத்தான் கேட்பர்.

புறநானூற்றுக் காலத்துக் கோவூர்கிழார் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் மூண்ட போரிடையே சென்று நின்றார். இருவரும் ஒரு குடியினர், யார் தோற்பினும் தோற்பது நும் குடியே என்று இடித்துரைத்தார். புலவன் கையில் வேலில்லை, கப்பலுமில்லை. கோவூர்கிழாரைப் போல் நடுநின்று பேசுவதற்கு இலங்கைக்குத் தகுதி இருந்தது. 1954இல் கொழும்பிலும் கண்டியிலும் ஐந்து நாட்டுத் தலைமை அமைச்சர்களைக் கூட்டி இந்தோசீனத்தில் அமைதி வேண்டும் என்று கூறியதும் இதே நாடுதான். கட்டுநாயக்காவில் விமானம் இறங்கிய அதே பருவத்தில் என்பதை மறத்தல் கூடாது.

இனி மாணவனுடைய வினாவுக்கு வருவோம். வலியறிதல் அதிகாரத்தின் முதற்பாதியைப் படிப்பவர் பலர். முடிவு வரை செல்பவர் சிலர். படையிலும் பகையிலும் தொடங்கும் அவ்வதிகாரம், எழாங்குறள் முதல் வரவு செலவுக் கணக்காக மாறிவிடுகிறது. ஈகையைக்கூடத் தன் பொருளின் அளவறிந்து செய்க என்கிறார் வள்ளுவர். வருவாய் சிறிதாயினும் கேடில்லை, செலவு பெருகாதிருப்பின் என்கிறார். பத்தாவதாக, தன்னிடமுள்ளதைத் தூக்கிப் பாராமற் பிறர்க்கு உதவப் புகுந்தவன் செல்வம் விரைந்து கெடும் என்று முடிக்கிறார். போரைப் பேசவந்த அதிகாரத்திற் குடும்பக் கணக்கு ஏன் என்று யான் இளமையில் மயங்கியதுண்டு. மயக்கம் 2024இலேதான் தெளிந்தது. அரசனுக்கு நான்கு வலியுள் தன் வலி என்பது படையின் எண்ணிக்கை மட்டும் அன்று. அடுக்களையில் உள்ள அரிசியும் அதனுள் அடங்கும்.

இவற்றையெல்லாம் இரண்டு கிழமை கழித்து அவ்வகுப்பில் எடுத்துக் கூறினேன். இரண்டரை இலட்சம் பேர் என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு அமைதியாயிற்று. அந்த மாணவன் மட்டும் மீண்டும் எழுந்தான்.

“அப்ப நாப்பதுல நம்ம ஆளுங்கள கேட்டிருந்தா, குடுத்திருப்பாங்களா சேர்?”

கொடுத்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன் என்றேன்.