கழுத்தில் ஒரு செக்போஸ்ட்

'நெறி கட்டியிருக்கு' என்று பாட்டிகள் சொல்வார்களே, அந்த நெறிக்கு டாக்டர்கள் வைத்த பெயர் நிணநீர் முடிச்சு. உடம்பிலுள்ள பல நூறு முடிச்சுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தலைக்கும் கழுத்துக்குமே போய்விடுகிறது.

அதன் வேலையைப் புதுச்சேரிக்காரனான எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோரிமேட்டைத் தாண்டும் பஸ்ஸில் ஏறி, "பையைக் கொஞ்சம் திறங்க சார்" என்று பாட்டில் தேடுகிறார்களே, அதேதான். திசுக்களில் கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும் வழியில் இங்கே நின்று சோதனை கொடுத்துவிட்டுப் போகணும். கிருமி மாட்டினால் வெள்ளை அணுக்கள் பெருகும். கூடுதல் போலீஸ் இறங்கினால் சாவடி பிதுங்காதா?

எந்தச் சாவடி வீங்கியது என்று பார்த்தால், சரக்கு வந்த ரூட் தெரிந்துவிடும். பிடரியில் என்றால் தலையில் பேனோ புண்ணோ. தாடைக்கு அடியில் என்றால் பல். தாடை மூலையில் என்றால் டான்சில். இடது காறை எலும்புக்கு மேலே கெட்டியாக இருந்தால், வயிற்றில் புற்று இருக்கலாம். வயிறு எங்கே, கழுத்து எங்கே என்கிறீர்களா? இடுப்புக்குக் கீழே, வயிறு எல்லாவற்றின் நிணநீரும் ஒரே குழாயில் ஏறி, இடது கழுத்தடி ரத்தக்குழாயில்தான் கலக்கிறது.

கழுத்தைச் சுற்றி மாலை மாதிரி வரும் காசநோய்க் கட்டிக்குக் கண்டமாலை என்று பெயர். பிரெஞ்சு ராஜா தொட்டால் குணமாகும் என்று நம்பினார்கள். 1825-ல் முடிசூடிய கையோடு பத்தாம் சார்லஸ் நூறு பேருக்கு மேல் தொட்டார். அப்போது நமக்கும் அவர்தான் ராஜா! நல்லவேளை, 1823-லேயே இங்கே மருத்துவப் பள்ளி திறந்துவிட்டார்கள். அதன் வாரிசுதான் ஜிப்மர். இப்போது ராஜா வேண்டாம். பொதுவாக ஆறு மாத மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

எனக்குப் பயமெல்லாம் வலிக்காத கட்டியிடம்தான். வலித்தால் நம்ம ஆபீஸ் ஆசாமிகள் ஓடிவிடுவார்கள். வலிக்கலைன்னா, "ஷேவ் பண்றப்ப தட்டுப்படுது, விடு" என்று மாசக்கணக்கில் தள்ளிப் போடுவார்கள். தொண்டை வலியோடு வந்து வலிக்கிற நெறி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். வலியே இல்லாமல், கெட்டியாக, மூன்று வாரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தால், அதிலும் கன்னத்தில் புகையிலை அடக்குகிறவர் என்றால், உடனே லீவு போடுங்கள். வாய்ப்புற்று முதலில் வந்து இறங்கும் சாவடி அதுதான். மெல்லிய ஊசியால் துளி உறிஞ்சி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், அவ்வளவுதான். (ஊசி என்றதும் முறுக்கு மீசைகள் வெளிறுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.)

மானேஜர் லீவு தர மறுத்தால், அவர் கையை எடுத்து உங்கள் கழுத்தில் வையுங்கள்.