ஆஸ்பத்திரிக்குப் போனோம், வீட்டுக்குப் போனோமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கணும்.

நம்ம சுங்கை பினாங் கோயில்ல வெள்ளிக்கிழமைகளில் பூ கட்டித் தந்த பாட்டியைப் பலருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். சில வருஷமாவே டிமென்ஷியா, அதாவது மறதி நோய். அண்மையில் சிறுநீரில் கிருமித் தொற்று வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாங்க. நாம எத்தனை பேர் போனோம்! ஆரஞ்சு, பிஸ்கட், மைலோ, விபூதி. ஒரு நாள் மிஸ்ஸியே கூட்டத்தைக் குறைக்கச் சொன்னாங்க.

டிஸ்சார்ஜ் ஆகி மூணு வாரம் ஆச்சு. வீட்டுக்குப் போய்ப் பார்த்தவங்க யாரு? நானும் போகலை.

போன வெள்ளி மகள் அவங்களைக் கோயிலுக்குக் கூட்டி வந்தாங்க. தீபாராதனை நேரத்துல பாட்டி, "என்னை வீட்டுக்குக் கொண்டு போ"ன்னு சத்தம் போட்டாங்க. நம்மில் ஒருத்தர், "இதுங்களை வீட்டிலேயே வெச்சிருக்கக் கூடாதா?"ன்னார். மகள் பிரசாதம்கூட வாங்காம கிளம்பிட்டாங்க. செருப்பு விடுற இடத்துல நிறுத்திக் கேட்டேன். "அண்ணே, மூணு வாரமா நான் சேர்ந்தாப்ல ரெண்டு மணி நேரம் தூங்கலை. இங்க யாராவது பத்து நிமிஷம் அம்மா கையைப் பிடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

ஒண்ணு தெரிஞ்சுக்கணும். மறதி நோய் உள்ளவங்களுக்குத் தொற்று வந்தா குழப்பம் திடீர்னு கூடும். புது இடம், புது முகம், ராத்திரி விளக்கு எல்லாம் அதை இன்னும் கெடுக்கும். தொற்று ஆறினாலும் குழப்பம் வாரக்கணக்கில் நிக்கலாம். சாயங்காலம் ஆனா பலருக்கு அதிகமாகும். அப்போ "இதுதாம்மா உன் வீடு"ன்னு வாதாடிப் பயனில்லை. "வீட்ல யார் யாரு இருப்பாங்க பாட்டி?"ன்னு கேட்டா, பேச்சுலயே கொஞ்சம் அடங்குவாங்க.

2018 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம்ம நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவங்கள்ல 8.5 விழுக்காட்டினருக்கு இது இருக்கலாம். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருத்தர். வெள்ளிக்கிழமை நம்ம மண்டபத்துல உட்கார்ந்திருக்கும் பெரியவங்களை எண்ணிப் பாருங்க.

அரசாங்க உதவி இல்லைன்னு சொல்லலை. கிளினிக் கெசிஹாத்தான்லேர்ந்து வீட்டுக்கு வந்து பார்க்கிறாங்க, ஜேகேஎம் உதவித்தொகையும் இருக்கு. ஆனா வீட்டுக்கு வந்து பார்க்கிறது பெரும்பாலும் படுத்த படுக்கையா இருப்பவங்களுக்கு. நம்ம பாட்டி நல்லா நடக்கிறாங்க. விடியற்காலை மூணு மணிக்குக் கதவைத் திறந்து லிப்ட் வரைக்கும் நடக்கிறாங்க! அதைத் தடுக்கத்தான் மகள் வேலையை விட்டுட்டு முழிச்சிருக்காங்க.

அவங்ககிட்ட போய் "கர்மா", "வேண்டுதல் பாக்கி", "ஹோம்ல விட்டுடு"ன்னு யாரும் சொல்லாதீங்க. விடுறதா வேண்டாமான்னு அந்தக் குடும்பம் முடிவு பண்ணும். அறிவுரை அவங்களுக்கு ஏற்கெனவே நிறைய கிடைச்சாச்சு.

வாரத்துக்கு ரெண்டு பேர், ரெண்டு மணி நேரம் போய் உட்காரலாம்னு நிர்வாகத்துல சொன்னேன். தைப்பூசம் முடியட்டும்னாங்க. தண்ணீர்மலை வழியில பந்தல் போட நம்மகிட்ட ஆள் பஞ்சமே இல்லை, அது பெருமைதான். ஆனா தைப்பூசம் வர இன்னும் மாசக்கணக்கு இருக்கு. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தூங்காம இருக்க முடியுமா?

அதனால வர்ற ஞாயிறு நாலு மணிக்கு நானே போறேன். மகள்கிட்ட கேட்டாச்சு, ஆறு மணி வரைக்கும் தூங்கறேன்னாங்க. பாத்ரூமுக்குக் கூட்டிப் போக ஒரு அக்கா கூட வந்தா நல்லது, இன்பாக்ஸ்ல சொல்லுங்க. பாட்டிக்கு என் பெயர் மறந்துபோச்சு, ஆனா பூ கட்ட இன்னும் கை மறக்கலையாம். மல்லிகையும் நூலும் நான் வாங்கிட்டு வந்துடறேன்.